நன்மை வாங்குவது என்றால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பர்மாவில், ரங்கூன் நகரில், நான்காம் தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். (யாங்கோன், மியான்மர் என்று தாள்களில் எழுதுகிறோம், வீட்டுக்குள் இன்றும் ரங்கூன்தான், பர்மாதான்.) பல ஆண்டுகள் உபதேசியாராக (மக்களுக்கு மறைக்கல்வி கற்றுத்தரும் பணியாளராக) இருந்துவிட்டு, முழங்கால் வலியால் வீடு வீடாகப் போகும் வேலையை நிறுத்திக்கொண்டு, இப்போது புதுநன்மை வாங்கப்போகும், அதாவது முதல் முறையாக நற்கருணை அப்பத்தை உண்ணப்போகும், பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பை மட்டும் நடத்திவருகிறேன். தங்கள் நாளிதழைச் சென்னையிலுள்ள என் தங்கை மகன் கைப்பேசியில் அனுப்பிவைக்கிறான். எல்லாச் சமயத்தாரின் விழாக்களுக்கும் தாங்கள் இடம் தருவதைப் பார்த்தே, எங்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்றைப் பொதுவில் எழுதத் துணிந்தேன்.

கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வரும். இம்முறையும் நற்கருணைப் பவனி தெருவுக்குப் போகாமல் கோயில் தாழ்வாரத்தைச் சுற்றி வந்ததோடு முடிந்தது. பூசைக்குப் பிறகு பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு புத்தகத்தின் நடுவில் ஈரம் கைக்குத் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். யாரோ வாயில் வைத்து, பாதி நனைந்த பிறகு வெளியே எடுத்த நற்கருணை அப்பம் தாளோடு ஒட்டிக்கிடந்தது. ஓரத்தில் பல் பட்ட தடம் தெரிந்தது. புத்தகத்தை மூடாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் அப்பத்தைத் தாளிலிருந்து மெல்லப் பிரித்து, சிறு கண்ணாடிக் கிண்ணத்து நீரில் இட்டு மூடிவைத்தார். அப்பத்தின் உருவம் முற்றிலும் கரைந்த பிறகு அந்த நீரைக் கால்படாத மண்ணில் சேர்ப்பது பழைய முறை. அருகில் நின்ற இளைஞன் ஒருவன் என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றும் எண்ணத்தோடுதான், "விடுங்க தாத்தா, அதான் பாத்திரத்துல இன்னும் நிறைய இருக்கே" என்றான்.

அவன் நல்ல பிள்ளை. கிதார் வாசிப்பான், வெள்ளம் வந்தால் முதல் ஆளாக மூட்டை தூக்குவான். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் உட்கார்ந்து, கேள்வி பதில் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துப் புதுநன்மை வாங்கியவன். அதனால் அன்றிரவு அவன்மீது கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று. நான் என்னதான் கற்றுக்கொடுத்தேன் என்ற கேள்வியோடு படுத்தேன்.

கத்தோலிக்கரல்லாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்பலியில் குருவானவர் இயேசுவின் சொற்களைச் சொல்லி அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும்போது, அவற்றின் நிறம், சுவை, மணம், வடிவம் எல்லாம் முன்போலவே இருக்க, அவை எதுவாக இருக்கின்றனவோ அந்த உட்பொருள் மட்டும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறிவிடுகிறது என்பது எங்கள் விசுவாசம். திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்துச் சங்கம் 1551இல் இதை வரையறுத்துச் சொன்னது; ஆனால் நம்பிக்கை அதைவிட மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், வழியில் எழுதிய கடிதம் ஒன்றில் நற்கருணையைச் சாவாமைக்கான மருந்து என்கிறார். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தம் சதையை உண்ண வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதும் சீடரில் பலர், இது ஏற்க முடியாத பேச்சு என்று விட்டுப்போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து, "நான் அடையாளமாகத்தான் சொன்னேன்" என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. இந்த இடத்தை நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டுச் சுவரில் என் பெரியப்பாவின் படம் ஒன்று உண்டு. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறி மதராசுக்குப் போனவர். படத்துக்கு மாலை போடுவோம், கும்பிடுவோம். ஆனால் அவரே கதவைத் தட்டிக்கொண்டு வந்திருந்தால் படத்தின் பக்கம் யார் திரும்பியிருப்பார்கள்? நற்கருணை படமன்று, வந்து நிற்கும் ஆள் என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

அமெரிக்காவில் 2019இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில், அந்நாட்டுக் கத்தோலிக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே இந்த மாற்றத்தை நம்புவதாகவும் மற்றவர்கள் அதை வெறும் அடையாளமாக எண்ணுவதாகவும் தெரியவந்தது. பின்னர் கேள்வியை வேறு சொற்களில் அமைத்துக் கேட்டவர்களுக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் விடை கிடைத்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆயர்கள் 2022இல் நற்கருணை மறுமலர்ச்சி என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் பல்லாயிரம் பேர் கூடி ஆராதித்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, "வெள்ளைக்காரன் நாட்டில் விசுவாசம் போய்விட்டது" என்று எங்களவர் சிலர் பேசிக்கொள்வது எனக்குச் சிரிப்பைத் தருகிறது. நம்மை யாரும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான். எடுத்திருந்தால் நாம் எல்லோரும் சரியான விடையைத்தான் சொல்லியிருப்போம், அந்த இளைஞன் உட்பட. மனப்பாடமாக வைத்திருக்கும் விடைக்கும், கீழே விழுந்த அப்பத்தைக் கண்டதும் பதறும் நெஞ்சுக்கும் இடையே என்ன நடந்தது என்பதுதான் என் கவலை.

நம்பிக்கை முதலில் மூளையிலிருந்து போகவில்லை, உடம்பிலிருந்து போயிற்று என்பது என் எண்ணம். என் தாயார் நன்மை வாங்கும் நாளுக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இலேயே தண்ணீர் நோன்பை முறிக்காது என்று தளர்த்தி, 1957இல் நோன்பை மூன்று மணி நேரமாகக் குறைத்துவிட்டார்; ஆனாலும் இயன்றவர்கள் பழைய நோன்பையே காப்பது நல்லது என்றும் அவர் சொல்லியிருந்ததால், அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 1964 நவம்பரில் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரம் ஆக்கினார். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அந்த ஒரு மணியும் இல்லை. இது இரக்கமான சட்டம். பழையபடி நள்ளிரவு நோன்பு வர வேண்டும் என்று கேட்கும் கட்சியில் நான் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம், பூசைக்கு முன்னால் அன்று, நன்மை வாங்குவதற்கு முன்னால்தான். பிரசங்கம் நீளமாகப் போகும் எங்கள் பங்கில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. அதையும் காக்க முடியாமல், கோயில் வாசலில் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வரிசைக்கு வருகிறவர்களை ஞாயிறுதோறும் பார்க்கிறேன். பசியோடு வருகிறவனுக்குத்தான் எதற்காக வந்தோம் என்பது நினைவிருக்கும். வயிறு மறந்ததை மனம் எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கும்?

எங்களைச் சுற்றியுள்ள பௌத்தர்களைப் பாருங்கள். ரங்கூனின் பெரிய புத்தக் கோயிலான ஷ்வேடகோன் படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சித்திரை வெயிலில் சுடும் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கைக்குழந்தையின் இரண்டு கைகளையும் தாய் சேர்த்துப் பிடித்துக் கும்பிடவைத்து, நெற்றி தரையில் படக் குனியவைக்கிறாள். அந்தக் குழந்தைக்குப் புத்தரின் போதனையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இங்கே ஏதோ பெரிது இருக்கிறது என்பது அதன் நெற்றிக்குத் தெரிந்துவிடுகிறது. நாமோ, நற்கருணையை வைத்திருக்கும், கடவுளே குடியிருக்கிறார் என்று சொல்லும் பேழைக்கு முன்னால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு குறுக்கே போகிறோம். முழங்காலிட முடியாத என்னைப் போன்றவர்கள் தலையையாவது ஆழக் குனியலாம்; முடிகிறவர்கள் ஏன் செய்வதில்லை?

இதைப் பற்றி என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேழைக்கு அருகில் எண்ணெயோ மெழுகோ கொண்டு எரியும் விளக்கு ஒன்று அணையாமல் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் மரபும் ஒழுங்கும். நான் போகும் கோயிலில் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை எடுத்துவிட்டுச் சிவப்பு மின்குமிழ் போட்டார்கள்; துடைக்கும் வேலை குறைந்தது, சுவரில் கரி படிவதும் நின்றது. ரங்கூனில் மின்வெட்டு எத்தனை மணி நேரம் என்பது ஊரறிந்த கதை. மின்சாரம் போனால் குமிழும் போகும்; கோயிலில் ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்லும் அடையாளம் நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தது. மின்னாக்கி வாங்கியபோது அதிலிருந்து ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். அந்தச் சிறு குமிழ் யாருடைய நினைவிலும் இல்லை. நானும் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் ஒரு நாள், "இப்ப இயேசு உள்ள இல்லையா?" என்று கேட்டாள். விளக்கு எரிந்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன் அல்லவா?

அடுத்த வாரமே பழைய சாமான் அறையிலிருந்து கண்ணாடி விளக்கைத் தேடி எடுத்து, புளி போட்டுத் துலக்கி, எண்ணெய் ஊற்றி ஏற்றினோம். நாளுக்கு இருவர் வீதம் வகுப்புப் பிள்ளைகளே எண்ணெய் பார்க்க வேண்டும், திரி கருகினால் மாற்ற வேண்டும் என்று முறை வைத்தோம். பள்ளி விட்டு வந்து, சீருடைப் பச்சை லுங்கியில் எண்ணெய் சொட்டிவிடாமல் இருக்கப் புட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஊற்றுவார்கள். மூன்று வாரம் கழிந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே, எண்ணெய் ஊற்றியவன் திரும்பும்போது முழங்காலிட்டு எழுந்தான். மற்றவன் அவனைப் பார்த்துச் செய்தான். கேள்வி பதிலில் நான் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாததை அரைப் புட்டி எண்ணெய் செய்தது.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் உண்டு, கண்ணில் இல்லை. 1965இல் மிஷன் பள்ளிகள் அரசுடைமையாயின. 1966இல் சுதந்திரத்துக்குப் பின் வந்த வெளிநாட்டுக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு பல இடங்களில் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் உபதேசியார்களும் பாட்டிமார்களும்தான். (பர்மாவின் முதல் முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் நிலைக்கு முந்தைய நிலை), 1950இல் குருவானவர் மாரியோ வெர்காராவோடு கொல்லப்பட்ட இசிதோர் ஙே கோ லாட், ஓர் உபதேசியார் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.) அவர்கள் ஜெபங்களைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொடுத்து ஒப்பிக்கவைத்தார்கள். "நித்திய ஸ்துதிக்குரிய" என்று தொடங்கும் துதியைப் பிள்ளைகள் மணியடித்தாற்போலச் சொல்கிறார்கள். 'ஸ்துதி' என்றால் என்னவென்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். 'நன்மை' என்ற சொல்லே அவர்களுக்கு வரிசையில் நின்று வாங்கும் ஏதோ ஒரு பொருளின் பெயராகிவிட்டது. ஆண்டவரையே 'நன்மை' என்று பெயரிட்டு அழைத்த முன்னோரின் தமிழ் எவ்வளவு நுட்பமானது என்பதை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது? இப்போது நான் ஜெபத்தைத் தமிழிலும் விளக்கத்தைப் பர்மிய மொழியிலும் சொல்லித்தருகிறேன். தமிழ் அழிந்துவிடும் என்று பெரியவர்கள் சிலர் முறையிட்டார்கள். எனக்கும் தமிழ்மேல் பற்று உண்டு. ஆனால் பொருள் தெரியாமல் ஒப்பித்த தமிழைத்தானே அந்த இளைஞன் என்னிடம் திருப்பிக் கொடுத்தான்!

கையில் வாங்குவதா, நாவில் வாங்குவதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. 1969இல் உரோமை நாவில் வாங்கும் முறையைக் காத்துக்கொண்டே, ஆயர் பேரவைகள் கேட்டால் கையில் தரவும் இடமளித்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், இடக்கையை வலக்கைக்கு அரியணையாக வைத்து அரசரை ஏற்றுக்கொள் என்றும், பொன்துகளைக் கையில் தந்தால் எவ்வளவு கவனமாக இருப்பாயோ அதைவிடக் கவனமாக ஒரு துணுக்கும் விழாமல் பார்த்துக்கொள் என்றும் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதை எங்கள் பிள்ளைகளுக்கு ஓஸ்தி என்னும் நற்கருணை அப்பம் செய்யும் மாவில் சுட்ட, அர்ப்பணிக்காத அப்பத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். உள்ளங்கையில் ஒட்டிய துகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். தேடுகிற கண்கள் பெரிதாக விரிவதைப் பார்க்க வேண்டும்.

நன்மை வாங்குவதற்கு முன் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும் குறிப்பிட வேண்டும். ஒரு காலத்தில் மக்கள் பயந்து நன்மை வாங்காமலே இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது வாங்குங்கள் என்று 1215இல் திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட வேண்டியிருந்தது. பத்தாம் பத்திநாதர் 1905இல் அடிக்கடி வாங்குவதை ஊக்குவித்து, 1910இல் விவரம் தெரியும் வயதிலேயே, ஏறத்தாழ ஏழு வயதில், பிள்ளைகளுக்குத் தரச் சொன்னார். அவர் திறந்த கதவை மூடக் கூடாது. ஆனால் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் தனியாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பதும், ஞாயிறு காலையில் ஒருவர் விடாமல் எல்லோரும் வரிசையில் நிற்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆண்டவருடைய உடலென உணராமல் உண்பவரைப் பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை எந்தப் பிரசங்கத்தில் கடைசியாகக் கேட்டோம்?

அதே கடிதத்தில் அதே இடத்தில் பவுலடியார் கோபப்படுவது வேறொன்றுக்கும்தான்: வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பீடத்தின்மேல் இருக்கும் கிறிஸ்துவுக்குப் பட்டுப் போர்த்திவிட்டு வாசலில் குளிரில் நடுங்கும் கிறிஸ்துவைக் கடந்துபோகாதே என்று பழங்கால ஆயர் கிறிசோஸ்தோம் அருளப்பர் சொன்னதும் இதே பொருளில்தான். 2021 இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் இந்த நாட்டில் வீடிழந்து வந்தவர்கள் எங்கள் நகரிலும் இருக்கிறார்கள். ஆராதனைக்கு வரும்போது ஒரு பிடி அரிசி கொண்டுவரும் வழக்கத்தைச் சில குடும்பங்கள் தொடங்கியிருக்கின்றன. நற்கருணைக்கு முன்னால் முழங்காலிடுகிறவர்கள்தாம் அந்த அரிசியைச் சுமந்துகொண்டு போகவும் முன்வருகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்; பக்தி வேறு, தொண்டு வேறு என்று பிரித்துப் பேசும் இளைய குருக்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்கூத்திஸின் படம் இப்போது எங்கள் வகுப்பறையிலும் இருக்கிறது. பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த, கணினியில் கெட்டிக்காரனான அந்த இத்தாலியச் சிறுவனைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அவன் தொகுத்த நற்கருணை அற்புதங்களைக் கேட்டு வாய்பிளக்கிறார்கள். நல்லதுதான். அவன் நாள்தோறும் பூசைக்குப் போனான் என்பதைச் சொல்லும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள்.

தங்களிடமும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1964க்குப் பிறகு கப்பலில் ஊர் திரும்பிய எங்கள் மக்களில் பலர் சாமான்களோடு சாமானாகப் பழைய ஜெபப் புத்தகங்களைக் கொண்டுபோனார்கள். இங்கே தங்கியவை மழையிலும் கறையானிலும் போயின. நன்மை வாங்குவதற்கு முன்னும் பின்னும் சொல்லும் பழைய தமிழ் ஜெபங்கள் இருந்த அந்தப் புத்தகங்கள் தமிழ்நாட்டில் யார் வீட்டிலாவது பரணில் இருந்தால், அந்தப் பக்கங்களைப் படமெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தாங்கள் அவற்றை எனக்குச் சேர்ப்பித்தால் நன்றியுடையவனாவேன். ஒரு பக்கம் தமிழ் எழுத்து, எதிர்ப்பக்கம் பர்மிய எழுத்தில் அதே ஜெபம், கீழே பர்மிய மொழியில் பொருள் என்று சிறு புத்தகமாக்கி, அடுத்த புதுநன்மை வகுப்புக்கு முன்னால் பிள்ளைகளின் கையில் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அந்த இளைஞன் தானே அதைக் கணினியில் தட்டச்சுச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர்,
யாங்கோன், மியான்மர்.